படிக்கட்டின் அடியில் ஒரு நீல வாளி

தம்பி: அக்கா, ரெண்டு டீ குடுங்க... ஒண்ணுல சர்க்கரை கம்மியா.

அக்கா: ஏன்டா, டீ விக்கறவங்களும் உனக்கு அக்காவா? நான் ஒருத்தி பத்தாதா?

தம்பி: தொழில் ரகசியம்க்கா. தெருவுல கேமராவைத் தூக்கினா எல்லாரும் முறைப்பாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தாலும் 'அக்கா, ஒரே ஒரு படம்'னு கேட்டுப் பாரு... சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க.

அக்கா: நல்லா ஐஸ் வைக்கற. சரி... இந்தக் கண்காட்சியில பரிசு வாங்கின உன் படம் எது?

தம்பி: அதோ, சுழல் படிக்கட்டு. ஆறாவது மாடியிலருந்து குனிஞ்சு எடுத்தது. கைப்பிடி சுத்திச் சுத்தி இறங்குது பாரு... கடைசியில...

அக்கா: கடைசியில ஒருத்தி தரை துடைக்கறா.

தம்பி: ம்... அவ்வளவு பெரிய கட்டடத்துல அந்த நீல வாளி ஒண்ணுதான் கலர்.

அக்கா: அம்மா எப்ப வர்றாங்க?

தம்பி: இப்ப வந்துடுவாங்க. மாமாவும் கூட வர்றார்.

அக்கா: அதுக்குள்ள அதைக் கழட்டிடுடா.

தம்பி: எதை? பரிசு வாங்கின படத்தையா? விளையாடறியா?

அக்கா: கெஞ்சிக் கேக்கறேன்டா... அது நான்தான்.

தம்பி: நீயா? நீ ஆபீஸ்ல கணக்குல்ல எழுதற?

அக்கா: கணக்கு எழுதற வேலை போய் ரொம்ப நாளாச்சு. வீட்டுல சொல்ல வாய் வரல. தினமும் அதே கைப்பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன். அங்க போய் யூனிஃபார்ம் போட்டுக்கறேன். உங்க மாமா முகத்தை எப்படிப் பார்ப்பேன்... வெட்கமா இருக்குடா.

தம்பி: ஐயோ... சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா! படத்துலயும் வெறும் தலைதானே தெரியுது. அவங்களுக்கு எப்படி அடையாளம்...

அக்கா: சின்ன வயசுல தினமும் வாரி விட்ட தலை. அம்மாவுக்கு அது போதும்.

தம்பி: நீயாவது அன்னிக்கு நிமிர்ந்து பார்த்திருக்கலாம்ல?

அக்கா: பார்த்தேனே. நீ மேலருந்து குரல் கொடுத்ததும் பார்த்தேன். உன்கூட நாலு பேர் நின்னாங்க. உனக்குத் தலைகுனிவு வேண்டாம்னு நான் குனிஞ்சுக்கிட்டேன். வாளியை நகர்த்தச் சொன்ன... நகர்த்தினேன்.

தம்பி: நீன்னு தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனா? யாரோன்னு நினைச்சுட்டேன்க்கா...

அக்கா: யாரோன்னா 'அக்கா'ன்னுல்ல கூப்பிட்டிருப்ப? அன்னிக்கு மட்டும் ஏன்டா, 'இந்தாம்மா, அந்த வாளியைத் தள்ளி வை'ன்ன?