வெள்ளிக்கிழமைத் தண்ணி

பசியாறிட்டுத்தான் வந்தேன் மேடம், தேத்தண்ணி வேணாம். நிதானமா சொல்றேன், எழுதிக்கங்க.

காத்துல இருக்குற சூட்டை இழுத்து, குளிக்கத் தண்ணி காய வைக்கிற மெஷினை ஹீட் பம்ப்னு சொல்வோம். விக்கிறவன் சொல்ற கரண்டு ஒண்ணு, வீட்டுல இழுக்குற கரண்டு வேற. நிஜத்துல எவ்வளவு இழுக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்றதுதான் ஷா ஆலம் ஆபீசுல என் வேலை. கிள்ளான், செமினின்னு வீடு வீடா சென்சார் மாட்டி, அந்தக் கணக்குக்கு முதல் மாடலைச் செஞ்சது நான்தான்.

கிள்ளான்ல சீதாலெட்சுமி அக்கா வீடு மட்டும் ஒத்து வரல. வெள்ளிக்கிழமை ஆனா கரண்டு எகிறும். சென்சார் கோளாறுன்னு விட்டுட்டேன். அப்பதான் லோகேஸ்வரி புதுசா வேலைக்கு வந்தா. அந்த வீட்டுக் கணக்கைப் பாத்த உடனே சிரிச்சா. "அய்யோ ஜெரால்டின், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுத் தலை குளிப்பாங்க லா!" எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்குக் குளிச்சுட்டுப் போறதோட சரி, எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சேத்து அவ ஒரு மாடல் போட்டா. எல்லா வீடும் பொருந்திடுச்சு. பாஸ் என்னுதை ஓரங்கட்டிட்டாரு. வயிறு எரிஞ்சுது மேடம், மறைக்க என்ன இருக்கு. அவ சிரிக்கிறப்பல்லாம் எரிஞ்சுது.

அவ மாடல் ஒரே ஒரு தடவை தப்பணும், அவ்வளவுதான் என் ஆசை. வெள்ளிக்கிழமை காலையில, சென்சார் பாக்கணும்னு சொல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். தலை நிறைய எண்ணெயோட கதவைத் திறந்தாங்க. "வாம்மா, தோசை ஊத்தவா?"

பின்னாடி போய் தண்ணி டாங்கியோட சூட்டை ஏத்தினேன். குழாய்க்குப் போற சுடுதண்ணியில பச்சைத்தண்ணி கலக்குற வால்வை அடைச்சேன். வெறும் சுடுதண்ணியா போனாத்தானே கரண்டு அவ கணக்கைத் தாண்டும். தண்ணி காயணும்ல, அதனால உக்காந்து தோசை சாப்பிட்டேன். "எண்ணெய் ஊறட்டும்கா, அவசரம் என்ன"ன்னு பேச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன்.

சீயக்காய் எரியும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் அவங்க ஷவரைத் திறப்பாங்க. ஆவி தெரியாது. கண்ணை மூடிக்கிறதை அவங்களே என்கிட்ட சொல்லியிருக்காங்க.

அலறல் கேட்டப்ப வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். உள்ள போகல. போயிருந்தா தண்ணியை நிறுத்தியிருப்பேன், கரண்டு கணக்கு குறைஞ்சிருக்கும்.

அக்கா ஆஸ்பத்திரியிலயே இறந்துட்டாங்க. பாவம், தங்கமான மனுஷி. தோசை நல்லா சுடுவாங்க.

ஆனா ஒண்ணு மேடம். லோகேஸ்வரி அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் கணக்குலேர்ந்து எடுத்துட்டு, மாடல் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கா. அவளை நீங்க கூப்பிட்டு விசாரிக்கலியா?