சுவரைப் பார்த்து நிற்கும் அந்தோணியார்

எண்ணூர் பேருந்து ராயபுரத்திலேயே கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன் இருக்கையில் காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“நம்ம கோயில் அந்தோணியாருக்கு எப்பக்கா தண்டனை முடியும்?”

“எங்கப்பாவோட தாத்தா போட்ட தண்டனைடி. காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரு தானே அவரு? தாத்தாவோட தம்பி போன கட்டுமரம் திரும்பல. அது வர்ற வரிக்கும் சுவத்தப் பாத்து நில்லுன்னு தாத்தா சிலையத் திருப்பி வெச்சுட்டாரு.”

“திருவிழாக்கு பிஷப்பு வராராமே. முதுகுக்கா மாலை போடுவாரு?”

“வந்த பங்குசாமிங்க எல்லாம் முதுகுக்குத்தான் போட்டாங்க. எங்க வூட்டு ஆளுங்கதான் அவரத் திருப்பணும். நான் திருப்ப மாட்டேன்.”

“புதுசா வந்த பங்குசாமி அதுக்கு ஒத்துக்கினாரா?”

“அவரு வெவரமானவரு. சிலையத் தொட வேணாம், முன்னாடி கீற சுவத்த ஒடச்சு ஜன்னல் வெக்கலாம்னாரு. நேத்து வெச்சுட்டாங்க.”

“அப்ப கடல் தெரியுமா அவருக்கு?”

“எங்க தெரியுது. கன்டெய்னரா அடுக்கி வெச்சுகினு கீறாங்க.”



“அப்ப கட்டுமரம் வந்தா அவருக்கு எப்படிக்கா தெரியும்?”

“வந்தா நான் போய் சொல்ல மாட்டேனா?”