தேநீரைத் தள்ளி வைக்கச் சொன்ன பேராசிரியர் எழிலரசி

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, ஆயத்த ஆடை ஆலையின் மேலாளர் திரு. தினகரன் அவர்களே, மண்ணூர்பேட்டை ஆலையில் வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வேலப்பன்சாவடிக்கு, நம் கல்லூரிக்கு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் சகோதரிகளே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், எழிலரசி அமைதியானவர், புன்னகை மாறாதவர் என்றார்கள். கல்லூரியில் அவருக்கு அடுத்த அறையில் இருந்தவன் நான், தாவரவியல் துறை தேவராஜ். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் மாரடைப்பு வந்து சாயும்வரை, கடைசி இரண்டு வருடமும் அவர் கோபத்தோடுதான் இருந்தார். அந்தக் கோபம் எதற்காக என்று சொல்லாமல் அஞ்சலி செலுத்த எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தச் சகோதரிகள் வேலை செய்யும் ஆலையில் எங்கள் கல்லூரி ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தியது. உயிர்வேதியியல் பேராசிரியர் என்பதால் பொறுப்பு எழிலரசிக்கு. தையல் வரிசையில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை. ஆலை பல மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவந்தது. மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, ரத்தம் மட்டும் ஏறவில்லை. ஏன்?

காரணம் தேட அவர் கேன்டீனுக்கே போய் உட்கார்ந்தார். பெண்கள் சாப்பிட்டார்கள், மாத்திரை போட்டார்கள், அதே ஒரு மணி இடைவேளையில் டீயும் குடித்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

பூச்சி கடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளத் தேயிலைச் செடி தன் இலையில் ஒரு துவர்ப்பை வைத்திருக்கிறது. செடிக்கு அது காவல். நம் குடலில் அதுவே இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் வெளியே இழுத்துப் போய்விடுகிறது. இரும்பு இல்லையென்றால் ஹீமோகுளோபின் இல்லை. ஹீமோகுளோபின் இல்லையென்றால் மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்து போக ஆளில்லை. செடிகளிலேயே இதற்கு மாற்றும் இருக்கிறது. கொய்யாவிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்புக்குள் சேர்த்துவிடும். எனவே அவர் கேட்டது இரண்டே விஷயம். சாப்பாட்டோடு ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு மணிக்கு வரும் டீ மூன்று மணிக்கு. ஆலையை மூடச் சொன்னாரா? சம்பளத்தை ஏற்றச் சொன்னாரா?

திரு. தினகரன் அவர்களே, நீங்கள் மறுத்தபோது நானும் உடன் இருந்தேன். "மேடம், ரெண்டு தடவை லைனை நிறுத்தினா ஷிப்மென்ட்டுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டீர்கள். மறுபடி வந்தோம், அதே பதில். அதற்குப் பிறகு எங்களை வரவேற்பறையைத் தாண்டவே விடவில்லை.

பெண்களும் முதலில் அவரை நம்பவில்லை. இதோ நிற்கும் ஜமீலா, முகாம் நடந்த நாளில் கேன்டீனில் அவரிடம் கேட்டார்: "இன்னா மேடம், கீற ஒரு டீயையும் புடுங்க வந்துட்டியா? அது இல்லாம சாயங்காலம் வரைக்கும் மிஷின்ல எப்டி குந்திகினு கீறது?"

எழிலரசி கோபித்துக்கொள்ளவில்லை. டீயை எடுக்கவில்லை, தள்ளித்தான் வைக்கிறோம் என்று விடாமல் சொன்னார். ஜமீலாவின் வரிசைக்கு மேற்பார்வையாளர் வரலட்சுமி. அவர் துணிந்து, மூன்று மணிக்கு டீயை மிஷினுக்கே கொண்டுவர வைத்தார். எலுமிச்சையை எழிலரசி அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கிப் பையில் சுமந்து போய் ஆலை வாசலில் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அவர்களைக் கல்லூரிக்கு வரவழைத்துப் பரிசோதித்தால் அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லோருக்கும் ரத்தம் ஏறியிருந்தது.

அந்த முடிவை நிர்வாகத்திடம் கொடுத்தார். என்ன நடந்தது? வரலட்சுமியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். டீ பழையபடி ஒரு மணிக்கே வந்தது.

பிறகு பவித்ரா. ஆறு மாதக் கர்ப்பிணி. ரத்தசோகையால் தையல் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தார். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு மருத்துவமனைக்கு நன்றி சொல்ல வேண்டும், நமக்கல்ல. அன்று மருத்துவமனை வராந்தாவில் எழிலரசி என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "தேவராஜ் சார், இதுக்குப் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம் சார், ஒரு கடிகாரம் போதும்."

விருது வாங்கியிருந்தால் எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டிருப்பார்களோ? நம் கல்லூரியும்தான் என்ன செய்தது? இது ஆய்வுக் கட்டுரை ஆகுமா என்று கேட்டது. முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

அவர் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். அடுத்த மாதம் அதே ஆலையில் பரிசோதனை நடக்கும். உள்ளே விடாவிட்டால் வாசலில் மேசை போட்டு நடத்துவோம். உயிர்வேதியியலும் தாவரவியலும் சேர்ந்தே வரும்.

இன்னொன்று. மேடை ஏறுமுன் ஜமீலா என்னிடம் சொன்ன செய்தி இது. எழிலரசியை அடக்கம் செய்த மறுநாள், ஒரு மணிக்கு வந்த டீயை எந்த வரிசையிலும் ஒருவர்கூடத் தொடவில்லையாம். டிரம் நிறைய வந்தபடியே திரும்பிப் போனதாம். இன்றும் அப்படியே. இந்தப் பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் டீ இல்லாமல் தைத்துவிட்டு இங்கே வந்து நிற்கிறார்கள்.

மேலாளர் அவர்களே, நாளை மூன்று மணிக்கு அந்த டிரம்மை அனுப்பி வையுங்கள்.