ஆள் இருக்கு

மகள்: அந்தச் சட்டையை யாருக்கும் குடுத்துராத அண்ணா. அதுல எண்ணெய்க் கறை இருக்கு.

மகன்: இருந்தா என்ன? தொவச்சா போயிடும்.

மகள்: இருபது வருஷமா போகல. என் கல்யாணத்தன்னைக்கு அப்பா போட்டிருந்த சட்டை அது.

டீச்சர்: இதுதானா அது? சொல்லியிருக்காரு. மண்டபத்து லிஃப்ட் நின்னுடுச்சுன்னு...

மகள்: மாப்பிள்ளையோட அத்தை உள்ள மாட்டிக்கிட்டாங்க டீச்சர். கம்பெனி ஆள் வரட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. இவரு கேக்கல. புதுச் சட்டையோட மெஷின் ரூமுக்கு ஏறிட்டாரு.

மகன்: எந்த போட்டோவ எடுத்தாலும் அப்பாவுக்கு ஒரு கைதான். கறை பட்ட கை முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்.

டீச்சர்: எங்ககிட்ட பெருமையாத்தான் சொன்னாரு. முப்பத்தி நாலு வருஷ லிஃப்ட் மெக்கானிக் சர்வீஸ்ல கைதட்டு வாங்கினது அன்னிக்கு மட்டும்தானாம்.

மகன்: உக்காருங்க டீச்சர், வந்ததுலேர்ந்து நிக்கிறீங்க. அப்பா போயி பத்து நாள்கூட ஆகல, அதுக்குள்ள சாமானைக் கட்டுறாங்களேன்னு நினைக்காதீங்க. வீட்டுக்காரர் சாவி கேட்டுட்டாரு.

டீச்சர்: நான் என்ன நினைக்கப் போறேன் தம்பி. எங்க குழுவோட நோட்டு ஒண்ணு உங்கப்பாகிட்ட இருந்துச்சு. அதை வாங்கிட்டுப் போலாம்னுதான்.

மகள்: பச்சை அட்டையா? இருங்க, கட்டிலுக்கு அடியில பாத்த மாதிரி...

மகன்: ஆஸ்பத்திரியில மொத்தம் எத்தனை பேரு நீங்க?

டீச்சர்: ஏழு. இப்போ ஆறு. யாருமில்லாத நோயாளிங்க கடைசியில தனியா போகக் கூடாதுன்னு மாத்தி மாத்திப் பக்கத்துல உக்காருவோம். அவ்ளோதான் வேலை. லிஃப்ட்காரரு பதினோரு வருஷம் உக்காந்திருக்காரு. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம் அவரை.

மகன்: எப்படிப் போய் மாட்டினாரோ இதுல.

டீச்சர்: சொன்னதில்லையா? அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒருநாள் பாதியில நின்னுடுச்சு. உள்ள ஸ்ட்ரெச்சர்ல ஒரு வயசானவரு, தள்ளிட்டு வந்த ஆளு மட்டும் கூட. இவரு ரிப்பேர் பண்ணிக் கதவைத் திறக்கறதுக்குள்ள...

மகள்: எங்ககிட்ட சொல்லல.

மகன்: எங்ககிட்ட என்னத்த சொன்னாரு.

மகள்: இந்தாங்க, கிடைச்சுடுச்சு. 'பெட் பதினாலு. ஷூவுக்குப் பாலிஷ் போடச் சொன்னார். போட்டேன்.' ...அப்பா கையெழுத்துதான்.

டீச்சர்: அந்த ஆளால எழுந்து உக்காரவே முடியாது. ஆனா ஷூ பளபளன்னு இருந்தாகணும். இவரு ரெண்டு மணி நேரம் தேய்ச்சாரு.

மகன்: எங்க ஸ்கூல் ஷூவ ஒருநாள் தொட்டதில்ல.

மகள்: ஆரம்பிச்சுட்டியா?

மகன்: உள்ளதைச் சொன்னேன்.

மகள்: 'பெட் மூணு. வெளிய மழையான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன். மழை இல்லை.'

டீச்சர்: நோயாளிகிட்ட பொய் சொல்லுவாரு. நோட்டுகிட்ட சொல்ல மாட்டாரு.

மகன்: நல்ல ஆளு போங்க. ஞாயித்துக்கிழமைன்னா லிஃப்ட். ரிட்டயர் ஆனதும் ஆஸ்பத்திரி. வீட்ல இருந்தாலும் பேச்சு கிடையாது, சுவத்துல தட்டுதான்.

டீச்சர்: சுவத்துலயா?

மகள்: லிஃப்ட் குழிக்குள்ள அவங்க பழக்கம் அது. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். கத்தினாலும் கேக்காது. கம்பியில ரெண்டு தட்டு தட்டினா 'இருக்கியா'. பதிலுக்கு ஒரு தட்டுன்னா 'இருக்கேன்'. வீட்லயும் அதேதான். படுத்ததும் சுவத்துல ரெண்டு தட்டுவாரு. அடுத்த ரூம்லேர்ந்து நாங்க ஒண்ணு தட்டினாத்தான் தூங்குவாரு.

மகன்: வாய் எதுக்கு இருக்குன்னு அம்மா திட்டுவாங்க.

மகள்: திட்டிட்டு அவங்களும் தட்டுவாங்க.

டீச்சர்: எங்களுக்கும் ஒரு பழக்கம் பண்ணிவிட்டாரு. அந்த 'ஆள் இருக்கு' போர்டு.

மகன்: ...ம்.

டீச்சர்: லிஃப்டுக்குள்ள இறங்கினா ஸ்விட்ச்சுல மாட்டுவாங்களாமே. மாட்டினவன்தான் கழட்டணும். எவனோ ஒருத்தன் அவசரத்துல கழட்டி ஸ்விட்ச்சைப் போட்டு, உள்ள இருந்தவனுக்குக் கால் போச்சாம். அதையே எங்களுக்கும் சட்டமாக்கிட்டாரு. பக்கத்துல உக்கார வந்தா கதவுல போர்டை மாட்டு. போகும்போது நீயே எடு. அப்பதான் நர்ஸுக்குத் தெரியும், துணைக்கு ஆள் இருக்கா இல்லையான்னு.

மகள்: தெரியும் டீச்சர். அப்பா படுத்திருந்தப்போ நாங்களும்தான் மாட்டினோம்.

டீச்சர்: ஆமா. நாங்க ஆறு பேரும் வர்றோம்னு சொன்னோம். தம்பிதான் வேணாம்னுட்டாரு.

மகன்: குடும்பம் இருக்கறவருக்கு எதுக்குங்க வெளியாளு? ரெண்டு பிள்ளைங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம்.

டீச்சர்: தப்புன்னு சொல்லல தம்பி. ...பேனா இருக்கா? இதுல இருநூத்திப் பதினாலு பேர் இருக்காங்க. அவரையும் எழுதிடணும்னு எல்லாரும் சொல்லிவிட்டாங்க. பெட் நம்பர், தேதி, என்ன கேட்டாரு, யாரு பக்கத்துல இருந்தாங்க. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் அவரு காலியா விட்டதே இல்ல.

மகள்: சொல்லு அண்ணா.

மகன்: என்னத்த?

மகள்: யார் இருந்தான்னு. வந்தவங்க எல்லாருக்கும் சொன்னியே, 'என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு'ன்னு. சித்தப்பா அழுதுட்டாரு.

மகன்: உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு காலைல போன்ல என்கிட்ட கத்திட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஆடி அசைஞ்சு வந்தவ நீ. உனக்கென்ன தெரியும்?

மகள்: நான் ஒண்ணும் சொல்லலையே.

டீச்சர்: சண்டை வேணாம். தம்பி கூட இருந்ததாத்தான் நர்ஸும் சொன்னாங்க. அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் வந்தாங்களாம். போர்டு தொங்குச்சாம். ஆள் இருக்குன்னு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்களாம். ஆறு மணிக்கு மருந்து குடுக்கப் போனப்பதான் உசிரு இல்லன்னு தெரிஞ்சுதாம். அந்த நேரம் பாத்து நீங்க டீக்கு இறங்கியிருந்தீங்களாம். அப்போ 'மகன்'னே எழுதிடறேன். கடைசியா என்ன கேட்டாரு?

மகன்: அதெல்லாம் எதுக்கு டீச்சர்?

டீச்சர்: தண்ணியோ, பாட்டோ... எதுவா இருந்தாலும் சரி.

மகன்: என்னைப் போகச் சொன்னாரு.

டீச்சர்: என்ன?

மகன்: 'தம்பி, நீங்க வந்து ரொம்ப நேரம் ஆச்சு. வீட்ல தேடுவாங்க, கிளம்புங்க. அடுத்த ஆளு வந்துடுவாரு'ன்னாரு. வாங்க போங்கன்னு மரியாதையா. உங்க குழுவுல ஒருத்தன்னு நினைச்சுட்டாரு என்னை.

மகள்: மருந்து மயக்கம் அண்ணா அது.

மகன்: தெரியாதா எனக்கு? அப்பா, நான்தான், நான்தான்னு மூணு தடவை சொன்னேன். 'எனக்கும் ஒரு பையன் இருக்கான். பாவம், அவனுக்கு நேரம் கிடைக்காது'ன்னாரு. என்கிட்டயே.

டீச்சர்: தம்பி...

மகன்: பேனாவை மூடுங்க. எழுதாதீங்க.

டீச்சர்: கிளம்பிட்டீங்களா?

மகன்: நாலரைக்கு.

டீச்சர்: போர்டு?

மகன்: மறந்துட்டேன்னு சொன்னா நம்புவீங்க. மறக்கல. எடுத்தா கவுண்டர்ல நர்ஸ் கேப்பாங்க, எங்க போறீங்கன்னு. எங்கப்பா என்னைத் துரத்திட்டாருன்னு சொல்லவா? தொங்கட்டும்னு விட்டேன். லிஃப்ட்ல போனா கவுண்டரைத் தாண்டணும்னு படிக்கட்டுல இறங்கினேன். போன் வர்ற வரைக்கும் எதிர்க்கடையில உக்காந்து மூணு டீ குடிச்சேன்.

டீச்சர்: அப்போ ஒன்றரை மணி நேரம்...

மகன்: போர்டு மட்டும்தான் இருந்துச்சு. திட்டணும்னா திட்டுங்க.

டீச்சர்: திட்ட நான் யாரு? ...கட்டத்தைக் காலியா விடறேன். இதுல பொய் எழுதினா அவருக்கு ஆகாது.

மகன்: நீ ஏன் அப்படிப் பாக்குற? ஊரெல்லாம் பொய் சொன்னேன், சரி. உன் பங்குக்குக் கேட்டுடு.

மகள்: நாலரைக்கா கிளம்பின?

மகன்: ஆமா.

மகள்: நல்லா யோசிச்சு சொல்லு. அஞ்சு மணிக்கு நீ உள்ள இல்ல?

மகன்: இல்லங்கறேனே. ஏன்?

மகள்: காலியா விடாதீங்க டீச்சர். கதவுக்கு வெளிய மக இருந்தான்னு எழுதுங்க. ஏழு மணிக்கு வந்தேன்னது பொய். நாலே முக்காலுக்கே வந்துட்டேன். போர்டு தொங்குச்சு. இவன் உள்ள இருக்கான், போகட்டும், அப்புறம் போலாம்னு தூணுக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்துட்டேன். அஞ்சு மணி தாண்டியிருக்கும்... கட்டில் கம்பியில ரெண்டு தட்டு கேட்டுச்சு. கொஞ்சம் விட்டு, இன்னும் ரெண்டு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒரு தட்டு தட்ட மாட்டேங்கறானேன்னு... உன் மேலதான் அண்ணா எனக்குக் கோவம் வந்துச்சு. எழுந்து கீழ போயிட்டேன்.