கரடி வந்தபோது நான் நின்ற இடம்

தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மச்சான். எத்தனை கரண்டி போடுவது என்பது குணலட்சுமிக்குத்தான் தெரியும். அவள் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இங்கே எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடுவதிலேயே என் பொழுது போகிறது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னால் தங்கையைத் திரும்பக் கூட்டிவருவேன் என்றீர்கள். நியாயமான பேச்சு. கேதீஸ்வரன் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவு சொல்வார் என்று ஊரில் உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நானும் நியாயமான மனிதன்தான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எல்லாம் வெங்காயத்தால் வந்தது. தோட்டத்தில் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியிருந்தது. மருந்து தேடிப் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு காணொளி வந்து விழுந்தது. ஒரு மனிதர் ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பனிமலையில் இறங்குகிறார். பலகையைச் சரித்து, அதன் விளிம்பில் மட்டும் நின்று, கை பனியில் உரசும் அளவுக்குப் படுத்து வளைகிறார். அவர் போன வழியில் பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடக்கிறது. நில அளவைப் பகுதியில் படம் வரைந்தே ஓய்வு பெற்றவன் நான். அப்படியொரு வளைவைக் கடதாசியில்கூட நான் கீறியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் அந்தப் போகம் பிழைக்கவில்லை.

இந்த வளைவோட்டத்தில் பைத்தியமான தமிழர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருந்தது. சுவிஸில் இருக்கும் ஜெயரூபன் நடத்துவது. கனடாவில் இருக்கும் பிரவீணன் அவருடைய வலது கை. சேருவதற்கு முன் நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கோப்பாயில் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழன் ஒருவனும் இல்லாத பனியூராகப் பார்த்துத் தேடினேன். அது லேசான வேலை இல்லை, மச்சான். எந்தப் பனிக்குள் கையை விட்டாலும் நம்மவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். கடைசியில் நோர்வேக்கும் வடக்கே, துருவத்துக்குக் கிட்டவாக, சுவால்பார்ட் என்று ஒரு தீவுக்கூட்டம் அகப்பட்டது. அன்று பின்னேரமே அங்கே குடியேறினேன். குணலட்சுமியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவளை விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை.

குழுவில் எனக்கு நல்ல மதிப்பு இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் விழுந்து விழுந்து கற்றதை நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். எந்தச் சரிவில் எவ்வளவு சரிய வேண்டும், பாரம் எப்போது முன்காலுக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் படவரைஞனுக்குப் பெரிய வித்தையா? பிரவீணன் நான் சொன்னபடி செய்து இரண்டு தரம் தோள்மூட்டு விலகினார். சரிவு நான் நினைத்ததைவிடச் செங்குத்து, அவ்வளவுதான். தொடங்கிய வளைவை இடையில் விடாதே என்று நான் ஒருமுறை எழுதியது எல்லோருக்கும் பிடித்துப்போய், அதைக் குழுவின் வாசகமாகவே முகப்பில் போட்டார்கள்.

பனி இல்லாத மாதங்களில் வீட்டு விடயம் கதைப்போம். அதற்கும் என்னிடம்தான் வருவார்கள். ஜெயரூபன் பட்டாளப் பயிற்சிக்குப் போய்வந்து, சுடுவதற்கு அங்கே கொடுத்துவிட்ட துவக்கைப் பட்டுச்சேலை அலுமாரிக்குள் வைத்திருந்தார். சேலை கசங்குகிறது என்று மனைவி சண்டை. பிரவீணன் மான் வேட்டைக்காரர். பலகையா, துவக்கா, ஒன்றை விற்றுவிடு என்று அவருடைய வீட்டில் நெருக்கினார்கள். தொடங்கிய வளைவை இடையில் விடாதே என்று அவருக்கும் சொன்னேன். இரண்டையும் வைத்துக்கொண்டார். மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அது அவர்களுடைய சொந்த விடயம், நான் தலையிடவில்லை.

பிறகு, அண்ணை உங்களிடம் என்ன துவக்கு என்று கேட்டார்கள். சுவால்பார்ட்டில் ஊருக்கு வெளியே போகிறவர்கள் வெண்கரடிக்குப் பயந்து துவக்கு கொண்டுபோவார்களாம். இதை நான் குடியேறிய பிறகுதான் அறிந்தேன். ஆகவே ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. இந்த ஊரில் அந்தச் சொல்லை வேலிக்கு வெளியே கேட்கும்படி சொல்ல எத்தனை காலம் பயந்திருந்தோம். நான் அதைச் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இந்த வீட்டில் இருப்பது கல் வைத்து இழுத்துக் கிளி கலைக்கிற ஒரு கெற்றப்போல்தான். நீங்கள் வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம்.

பிசகியது காணொளியில்தான். குழுவில் எல்லோரும் தாங்கள் ஓடுவதைக் காணொளியாகப் போடுவார்கள். எடுப்பது மனைவிமார். குளிரில் விறைத்துக்கொண்டு கீழே நின்று, போனைத் தூக்கிப் பிடித்து எடுப்பார்கள். அண்ணை, அக்காவைக் கொண்டு உங்களுடையதையும் ஒருக்கால் எடுப்பியுங்கோ என்று ஜெயரூபன் கேட்டார். ஒருக்கால் அல்ல, ஓயாமல் கேட்டார்.

குணலட்சுமி எடுக்க மாட்டேன் என்று சொன்னவள் இல்லை. அதையும் நான் மறைக்கக் கூடாது. பக்கத்து வளவில் வீடு கட்டப் பறித்திருந்த மணல் கும்பியில் பழைய கதவுப் பலகையைப் போட்டு நான் சரிந்து பழகியபோது, மற்றப் பக்கம் விழாமல் என்னைப் பிடித்தவள் அவள்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. முழங்காலுக்கு நல்லது என்று நான் சொன்னதை நம்பினாள். "போனைத் தாங்கோ, வடிவாய் எடுத்து விடுறன்," என்றுகூடச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். பின்னால் முருங்கை மரமும் கொடியில் காய்ந்த என் இடுப்புச் சாரமும் விழும். சுவால்பார்ட்டில் முருங்கை இல்லை.

ஆகவே முதலில் அவளுடைய கையை முறித்தேன். பனியில் வழுக்கிவிட்டது என்று எழுதினேன். எல்லோரும் வருந்தினார்கள். கை பொருந்தியதும் பிரவீணன் மறுபடி கேட்டார். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது என்று எழுதினேன். சத்திரசிகிச்சை செய்ய அங்கே நல்ல வைத்தியர்கள் இருப்பதாக ஜெயரூபன் விசாரித்துச் சொன்னார். செய்வித்தேன். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது. அதன் பிறகு என்னிடம் என்ன மிச்சம் இருந்தது, சொல்லுங்கள். எல்லா வழியையும் யோசித்துத்தான் செய்தேன். ஒரு புதன்கிழமை காலை, வெண்கரடி அடித்து அவள் இறந்துபோனதாக எழுதினேன். எழுதி முடிக்கவும் அவள் அடுப்படியிலிருந்து, இடியப்பத்துக்குச் சொதியா சம்பலா என்று கேட்டாள். இரண்டும் என்றேன்.

அவர்கள் இப்படி அழுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜெயரூபன் வேலைக்குப் போகவில்லை. பிரவீணன் காட்டுக்குள் போய் வானத்தை நோக்கி மூன்று வெடி வைத்து மரியாதை செலுத்தினார். படம் ஒன்று கேட்டார்கள். உங்கள் மகளுடைய கலியாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்று எடுத்த படத்தில் என்னை வெட்டிவிட்டு அனுப்பினேன். என் கை மட்டும் அவளுடைய தோளில் மிஞ்சியிருந்தது. காணொளி பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜெயரூபன் ஊருக்கு வந்ததை எனக்குச் சொல்லவில்லை. அண்ணையின் மனம் ஆறட்டும் என்று, தொண்டைமானாற்றில் சந்நிதி முருகன் கோயிலுக்குப் பக்கத்து மடம் ஒன்றில் முப்பத்தோராம் நாள் நினைவாக அன்னதானம் ஒழுங்குசெய்திருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி தவறாமல் குணலட்சுமி அந்தச் சந்நிதிக்குத்தான் பஸ் ஏறுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். குழுவில் அந்த அன்னதானப் படத்தை நான் கண்டபோது அவள் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

பந்தியில் இருந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். யாரோ புண்ணியவதியின் பெயரில் போடுகிறார்கள் என்று நினைத்து, அந்த ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று கும்பிட்டும் இருக்கிறாள். ஜெயரூபன்தான் பாயாச வாளியோடு வந்தவர். இவளுடைய முகத்தைப் பார்த்தார். சுவரில் மாலையோடு தொங்கிய பதாகையைப் பார்த்தார். திரும்பவும் இவளைப் பார்த்தார். "தம்பி, பாயாசம் சிந்துது," என்றாளாம் இவள். அதன் பிறகுதான் தானும் பதாகையைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வந்து இந்த விறாந்தையில்தான் விரித்தாள். கண்ணீர் அஞ்சலி. கோப்பாயைப் பிறப்பிடமாகவும் சுவால்பார்ட்டை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி குணலட்சுமி சீவரத்தினம் வெண்கரடி தாக்கி அகால மரணமடைந்தார். கீழே, பனிப்பலகை வளைவோட்ட நண்பர்கள், சுவிஸ், கனடா. அச்சு நன்றாக இருந்தது. நான் அதைச் சொல்லவும் செய்தேன்.

அவள் கத்தவில்லை. கையை முறித்ததையும் கண்ணைக் கெடுத்ததையும் ஜெயரூபன் சொல்லித் தெரிந்துகொண்டிருந்தாள், அதைப் பற்றியும் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

"கரடி வரேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்? துவக்கு வைச்சிருந்தனீங்கள்தானே?"

அது சும்மா கதைதானே என்றேன்.

"கதைதான். கதையிலையெண்டாலும் ஓடி வந்திருக்கலாமே."

பிறகு உடுப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்ன ஜெயரூபனும் அந்த இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். நல்ல பிள்ளை. ஆனால் உங்களிடம் நான் ஒளிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் மலையில் இறங்கிக்கொண்டிருந்தேன், மச்சான். துவக்கு முதுகில் இருந்தது, குண்டு போட்டபடி. அவள் கீழே நின்று என்னைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். முறிந்த கை பொருந்தி, கண்ணும் தெளிந்து, முதல் தரமாக எடுக்கிறாள். கரடி அவளுக்குப் பின்னால் வந்ததை நான் கண்டேன். இஞ்சருங்கோ என்று அவள் கூப்பிட்டதும் கேட்டது. ஆனால் அன்று விழுந்திருந்த பனி ஆயுளில் ஒருமுறை விழுகிற பனி, நான் வளைவின் பாதியில் இருந்தேன். அதை முடித்தேன் என்றுதான் எழுதினேன். குழுவில் ஒருவரும் குறை சொல்லவில்லை. கோடு எப்படி விழுந்தது என்று பிரவீணன் மட்டும் கேட்டார். சுத்தமாக விழுந்தது.

அவள் போன நாள் முதல் அந்த இடத்தைத் திருத்தி எழுதிப் பார்க்கிறேன். கரடியைச் சுட்டுவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் துவக்கை எடுக்கத் தோளைத் திருப்பினால் பாரம் பின்காலுக்குப் போகும், விளிம்பு வழுக்கும், கோடு கெட்டுப்போகும். எப்படிக் கணக்குப் போட்டாலும் சரிவருகுதில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடியே அவளிடம் சொல்லுங்கள். நான் வராமல் விடவில்லை. வளைவு முடிந்ததும் வந்துகொண்டுதான் இருந்தேன்.