குடம் யார் தூக்குறது

— மொட்ட போட வந்த ஆள அனுப்பிட்டேண்ணே. ஒங்களுக்கு வேணாம்.

— என்ன தனுஜா சொல்ற? அப்பாவுக்கு நான் ஒரே மகன். நான்தானே குடம் தூக்கணும்.

— கந்தப்பன் அண்ணன் தூக்குறாரு. சித்தப்பா மகன், அவருக்கும் உரிமை இருக்குல்ல.

— இங்க பாரு, என்னோட உல்லாசக் கப்பல் ரெண்டும் பயணிகளோட நிக்குது. போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கேன். கட்டுநாயக்க ஏர்போட்டுல எறங்கி நேரா ஹல்துமுல்லை தோட்டத்துக்கு வந்தேன். வழியில வாய் கூட நனைக்கல.

— தேத்தண்ணி ஊத்தவா?

— வேணாம். இத முடிவு பண்ணினது யாரு?

— கோயில் பூசாரி. கருமாதி முடிஞ்ச ஆளு குடம் தூக்கக் கூடாதாம்.

— யாருக்குக் கருமாதி முடிஞ்சுது?

— ஒங்களுக்குத்தான்.

— எனக்கா?

— நீங்க கப்பல்ல கோப்பை கழுவப் போனீங்களே, அப்ப. கடுதாசி நின்னுருச்சு. ஒங்க கூட வேலை செஞ்ச ஹாலிஎல ஊரு ஆளு வந்து, கிருஷ்ணராஜ் கடல்ல விழுந்துட்டாருன்னு சொன்னாரு.

— நான் விழல. ஒரு துறைமுகத்துல எறங்கி ஓடிட்டேன். கள்ளமா இருந்த ஆளு எப்படி எழுதறது?

— தெரியும்ண்ணே. டிவி பேட்டியில சொன்னீங்களே.

— உடம்பு இல்லாம எதப் பொதைச்சீங்க?

— ஒங்க பள்ளிக்கூடச் சட்டைய. நாலாம் மலைக்கு மேல, தேயிலைக்குள்ள. அப்பாவே குடம் தூக்கினாரு. அந்த வருஷமே அம்மாவும் போயிட்டாங்க.

— இங்க பாரு, நான் திரும்பி வந்தப்ப இத ஒருத்தரும் சொல்லலையே.

— சொல்ல எங்க விட்டீங்க? கருமாதி செஞ்ச ஆளு உயிரோட வந்தா, தொட்டில்ல கெடத்தி மறுபடி பேர் வைக்கணுமாம். அப்பா சேலையில தொட்டில் கட்டி, பூசாரிய லயத்து வீட்டுல உக்கார வச்சிருந்தாரு. நீங்க தோட்டத்துக்குன்னு வாங்கின அம்புலன்ஸ் சாவிய தோட்டத் தொரைகிட்ட குடுத்துட்டு, படம் எடுத்துக்கிட்டு, அப்படியே போயிட்டீங்க.

— மறுநாள் நான் வாங்கின மொத கப்பல் கெளம்புது தனுஜா. இராக்கம்மான்னு அம்மா பேரு வச்ச கப்பல்.

— ஆமா. அதையும் டிவியிலதான் பாத்தோம்.

— அதுக்கப்பறம் எவ்வளவு செஞ்சேன். ஆஸ்பத்திரி, பிள்ளைங்க படிப்பு, லயத்துக்குக் கூரை. அப்பா ஒரு தடவ போன்ல பேசல. கட்டிக் குடுத்த வீட்டுக்கும் வரல. என் மேல கோவம்னுதான் இருந்தேன்.

— கோவமெல்லாம் இல்ல. வருஷா வருஷம் ஒங்களுக்குப் படையல் போடுவாரு. கோழிக்கறி, ரொட்டி, நீங்க திங்கிற மாதிரி ஒறப்பா. போன தையிலயும் போட்டாரு.

— நான் உயிரோட இருக்கறப்பயா?

— என்னமோ, அவரு நிறுத்தல.

— எனக்கு அழுகையே வரல தனுஜா.

— எனக்குந்தான் வரல. நேத்துலருந்து வர்றவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கேன்.

— சரி. கந்தப்பனே தூக்கட்டும். நான் பின்னால நடந்து வர்றேன். குழி அம்மா பக்கத்துலதானே?

— அங்க எடம் இருந்துச்சு. அப்பாதான் வேணாம்னு சொல்லி வச்சிருந்தாரு.

— பெறகு எங்க வெட்டுறாங்க?

— ஒங்க பக்கத்துலண்ணே.