மஞ்சள் விழாத வரிசை

எங்கள் வீட்டில் விமானம் தலைக்கு மேல் போகும்போது யாரும் பேசுவதில்லை. பொழிச்சலூரில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, ஓசை அடங்கும்வரை காத்திருந்து, மீதியைச் சொல்வோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் என் தங்கை தபீதாளும்தான். அந்த நிறுத்தங்கள்தான் எங்களை நெருக்கமாக வைத்திருந்தன என்று நினைக்கிறேன்.

ஆயர் ஐயா, நம் சபையின் திருமணத் தகவல் மையத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு வருகிறேன்.

தாம்பரத்தில் நம் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1998-ல். மையத்தைப் பார்த்துக்கொண்ட எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் அசரியா. கீழ்க்கட்டளையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வரிசை. சபை, சொந்த ஊர், தாய்மொழி, படிப்பு என்று கட்டங்கள். ஒரு பெண்ணின் எண்ணை அடித்தால், அவளுடைய விவரத்தோடு ஒத்துப்போகிற பையன்களின் கட்டங்கள் தாமாகவே மஞ்சளாகும்.

"ஒரே மாதிரி இருந்தாத்தான் சார் கலர் வரும். கடைசியில ஒரு ஸ்பேஸ் ஜாஸ்தியா விழுந்தாக்கூட அது வேற ஆளுன்னு நெனச்சுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்" என்றான்.

இதை அவன் எச்சரிக்கையாகத்தான் சொன்னான். நானும் அப்படித்தான் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். நான் எண்ணை அடிப்பேன். மஞ்சள் விழுந்தால் சிலர் ஸ்தோத்திரம் சொல்வார்கள். விழாத வரிசையை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அசரியாவின் அம்மா ஞானஜோதி மட்டும் கேலி பேசுவார். "என்னா லாசரஸ் தம்பி, உங்க கம்ப்யூட்டருக்கு இந்த வாரம் மஞ்சக்காமாலை வந்துச்சா இல்லையா?" ஆனால் அவரும் பார்த்துவிட்டுத்தான் போவார். நீங்களே ஒரு பிரசங்கத்தில் தேவசித்தத்துக்கு இந்த மஞ்சளை உவமை சொன்னீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தபீதாளின் விவரங்களை நான்தான் ஏற்றினேன். இருபத்தொன்பது வயது, சேலையூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எண்ணை அடித்தேன். ஒரு பையனின் வரிசையில் நிறம் வரக்கூடிய எல்லாக் கட்டங்களும் மஞ்சளாயின. அது அசரியாவின் வரிசை.

எனக்கு ஆச்சரியமில்லை. பாடம் சொல்லித்தர அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். காகிதத்தில் கட்டம் போட்டு விளக்குவான். தபீதாள் வைத்த மீன்குழம்பை ஒரு வார்த்தை பாராட்டமாட்டான், மறுசோறு மட்டும் கேட்பான். ஒருநாள் பேச்சுக்கு நடுவே விமானம் போனது. இருவரும் நிறுத்தினார்கள். ஓசை போன பிறகும் அவர்கள் பேசவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போய்விட்டால் விமானத்துக்காகப் பேச்சை நிறுத்த அந்த வீட்டில் பேச்சே இருக்காது. இதை நிதானமாக யோசித்தேன். பிறகு அவளுடைய ஒவ்வொரு கட்டத்திலும், கடைசி எழுத்துக்குப் பின்னால், கீபோர்டில் ஸ்பேஸ் விழவைக்கும் அந்த நீளமான கட்டையை ஒருமுறை அழுத்தினேன். மஞ்சள் போய்விட்டது. எதையும் அழிக்கவில்லை, பொய்யாக எதையும் எழுதவில்லை. எல்லா எழுத்துகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஞாயிறுதோறும் வந்து கேட்பாள். "எனக்கு ஒண்ணும் விழலையாண்ணா?"

"நீயே பாரேன்" என்பேன். மறைக்க ஒன்றுமில்லை.

சில மாதங்களில் அவள் முகம் வாடியது. தன்னை மட்டும் ஆண்டவர் ஒதுக்கிவிட்டதாக ஒருநாள் சொன்னாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. துணைக்கு ஆள் இருந்தால் அந்த எண்ணம் வராது என்று தோன்றியது. அதனால் வேறு சில பெண்களின் வரிசைகளிலும் அந்தக் கட்டையை அழுத்தினேன். நல்ல குணமுள்ளவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ரத்தினபாய் அவர்களில் ஒருத்தி. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். பாட்டு நன்றாக இருக்கும். ரத்தினபாய்க்கு மஞ்சள் விழவேண்டும் என்று தபீதாள் உபவாசம் இருந்தாள். எனக்கும் அன்று ஒருவேளைச் சாப்பாடு இல்லை.

அடுத்த கோடையில் ஞானஜோதி நேராக வீட்டுக்கே வந்து பெண் கேட்டார். நான் மறுக்கவில்லை. முடிவைத் தங்கையிடமே விட்டேன். அவள் கைவிரல்களைப் பார்த்தபடி, "மஞ்சள் விழலையே ஆன்ட்டி" என்றாள்.

"அடிப் போடி இவளே. பெட்டிக்கு இன்னாடி தெரியும்? எம் புள்ளைக்கு உன்னத்தான் புடிச்சிருக்கு."

"தேவசித்தம் இல்லாம செஞ்சா அவருக்குத்தான் ஆன்ட்டி கஷ்டம் வரும்."

அசரியா வாசலிலேயே நின்றிருந்தான். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். அவனும் நம்பினான். ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தபீதாள் பாடகர் குழுவில் நின்று பாடினாள்.

இரண்டாயிரம் பிறக்குமுன் எல்லாவற்றையும் புது கம்ப்யூட்டருக்கு மாற்றவேண்டும் என்று கமிட்டி சொன்னது. அசரியாதான் மாற்றினான். மாற்றும்போது எழுத்துகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் ஸ்பேஸையெல்லாம் எடுத்துவிட்டான். அது அவனுடைய வேலைச் சுத்தம். பிறகு ஒவ்வொரு எண்ணாக அடித்துச் சரிபார்த்தான். தபீதாளும் மற்ற வெள்ளிக்கிழமைப் பெண்களும் பின்னால் நின்றிருந்தார்கள். ரத்தினபாயின் எண்ணுக்குத் திரையில் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் விழுந்தது. அதிலிருந்த பையன்கள் பெரும்பாலும் அதற்குள் கல்யாணம் ஆனவர்கள்; யாருடைய வரிசையையும் நான் எடுத்திருக்கவில்லை. தபீதாளின் எண்ணை அடித்தபோது அசரியாவின் வரிசை மஞ்சளானது. அவன் திரையை அணைக்கவில்லை. தட்டிலிருந்து கையை எடுப்பதுபோலக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

பழைய கீபோர்டில் அந்தக் கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று கமிட்டி முடிவுசெய்தது. புதிதாக ஒன்று வாங்கினார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அன்று வீட்டில் தபீதாள் சோறு போட்டாள். விமானம் வந்தது. அவள் நிறுத்தவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். உதடுகள் அசைவது தெரிந்தது. ஓசை அடங்கியபோது அவளும் முடித்திருந்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவள் ரத்தினபாயின் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கோபம் தணிந்ததும் வருவாள்.

அந்தக் கட்டை ஒட்டிக்கொள்ளவில்லை, ஐயா. நன்றாகவே இருந்தது. அழுத்தியது நான்தான்.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். தனியாக விடப்பட்டுவிடுவேன் என்ற பயம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசிக் கட்டம், எதிர்பார்ப்பு. அதில் தபீதாள், 'அண்ணன் எங்களோடேயே இருக்கச் சம்மதிப்பவர்' என்று கொடுத்திருந்தாள். அசரியா, 'பெண்ணின் அண்ணன் உடன் இருந்தால் சந்தோஷம்' என்று கொடுத்திருந்தான். கட்டையை அழுத்துவதற்கு முன்பே இரண்டையும் நான்தான் அடித்தேன். வார்த்தைகள் ஒரே மாதிரி இல்லாததால் அந்தக் கட்டத்தை நிறத்தில் சேர்க்கவில்லை.